உலைக்குப் போன துப்பாக்கி

ஹலோ... ஆமா, ஆமா, நான்தான். துப்பாக்கி சோதிக்கிற லேப்லதான் இருக்கேன். சொல்லுங்க மாமா...

ம்... ம்... என் தம்பி சாவுக்கு முதல் ஆளா வந்து நின்னீங்க. மறக்கல. தூக்குறதுக்குத் தோள் குடுத்தீங்க. அதையும் மறக்கல...

அவனைச் சுட்ட துப்பாக்கியா? வந்திருக்கு. செத்தவனோட அக்கா தொடக் கூடாதுன்னு எங்க மேடமே எடுத்துக்கிட்டாங்க. நான் பக்கத்துல நின்னேன்...

நம்பரா? அதைத்தான் அரம் போட்டு ராவி வெச்சிருக்காங்களே... இருங்க, முழுசாக் கேளுங்க. நீங்க நிம்மதியா மூச்சு விடுறது இங்க வரைக்கும் கேக்குது.

இரும்புல நம்பர் அடிச்சா, அந்த அடி உள்ள இறங்கிடும் மாமா. மேல ராவினாலும் போகாது. ஆசிட் தடவினா மெல்லத் தெரியும். தெரிஞ்சுடுச்சு.

...ஹலோ? லைன்ல இருக்கீங்களா?

ஆமா, அதேதான். பழைய துப்பாக்கி எதுவும் கைமாறக் கூடாது, உருக்கிடணும்னு நாலு நாட்டுக்காரங்க கூடிக் கையெழுத்துப் போட்டு, உங்க உலைக்கு அனுப்பினாங்களே, அந்த லோடுல வந்தது. அந்த லிஸ்ட்ல இதே நம்பர் இருக்கு. உருக்கிட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க? உருகினது எப்படி எல்லை தாண்டிப் போய், திரும்பி வந்து, ஒரு வழிப்பறிக்காரன் கையில ஏறுச்சு?

...எடை சரியா இருந்துச்சா? இருக்கும். துப்பாக்கிக்குப் பதிலா தண்ணிக் குழாயை வெட்டிப் போட்டா எடை சரியாத்தான் இருக்கும்...

நம்பர் தெரியலன்னு மேடத்தை எழுதச் சொல்லணுமா? நானா?

...அழாதீங்க. அன்னைக்கும் இப்படித்தான் அழுதீங்க. நானே உங்களுக்குத் தண்ணி மொண்டு குடுத்தேன்.

அத்தை முகத்துக்காகவா? அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன்...

என்ன?

...திரும்பச் சொல்லுங்க.

...அந்தத் துப்பாக்கிங்களை எல்லை தாண்டி ஏத்திட்டுப் போன லாரியை ஓட்டினது... என் தம்பியா?

...

...இல்ல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... ஆமா. ஆமா. அந்த மாசம்தான் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணினான். ஏதுடா பணம்னு கேட்டேன். ஓவர்டைம்னு சொன்னான்...

ஆமா, அம்மா தாங்க மாட்டாங்க. குடும்ப மானம் போயிடும். இதைச் சொன்னா நான் அடங்கிடுவேன்னு இவ்வளவு நேரம் கைக்குள்ளயே வெச்சிருந்தீங்க...

சரி மாமா. போலீஸ்ல உங்க பேரோட அவன் பேரையும் சேர்த்தே சொல்றேன். அவனை இனி யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க உயிரோட இருக்கீங்க. எனக்கு அது போதும்.

வைக்கிறேன்.