புகைக்கூடத்துக்கு மூன்று பேர்

சப்ரகமுவ மழையில் ரப்பர் ஷீட் லேசில் காயாது, முதலியார் ஐயா. நீங்கள் கோர்ட்டில் மொழிபெயர்க்கிறவர், இந்த வேலை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் நான் சொல்வதை நிதானமாகக் கேட்டு, இன்ஸ்பெக்டர் துரைக்கு இங்கிலீஷில் அப்படியே சொல்லுங்கள். ரப்பர் பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைக்கூடத்துக்குள் கழிகளில் தொங்கவிட வேண்டும். கீழே குழியில் விறகு எரியும். எங்கள் ஆற்றுமேட்டுத் தோட்டத்தில் ஒரு ஷீட் காய்வதற்கு இரண்டு வாரம் பிடித்தது. அதற்குள் பாதி ஷீட்டில் பூசணம் பூத்துவிடும்.

அந்த இரண்டு வாரத்தை ஒரு வாரத்துக்கும் கீழே கொண்டுவந்தவன் நான். பெயர் ராமச்சந்திரன், ரப்பர் ஸ்டோரை மேற்பார்க்கிற கண்டக்டர். ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போய், குருவிட்டவிலும் நிவித்திகலவிலும் தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை என்னைக் கூப்பிட்டு, கம்பனி பிழைக்க வேண்டுமானால் புது வழி கண்டுபிடிக்க வேண்டும், உனக்கு யார் யார் வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். இதை விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள். யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொன்னது அவர்தான்.

கம்பனிக்காரர்களுக்கு ஒன்று விளங்குவதில்லை. மெஷினுக்குச் செலவழிப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டுமென்றால் முதலில் ஆள் சரியாக அமைய வேண்டும். தோட்டத்தில் அது சுலபமில்லை, ஏனென்றால் இங்கே தனி ஆள் என்று யாரும் கிடையாது. ஆள் கூட்டி வந்த ஒவ்வொரு கங்காணிக்குக் கீழேயும் ஓர் ஊரே இருக்கும். மாமன், மச்சான், பங்காளி, கொழுந்தியாள். ஒருத்தியைத் திட்டினால் நாற்பது பேர் முறைப்பார்கள். ஒரு பெண் சமைந்தால் இரண்டு நாள் போச்சு. சாவு விழுந்தாலோ கேட்கவே வேண்டாம், புதைத்துவிட்டு வரும்வரை அந்தக் கங்காணியின் ஆட்கள் ஒருவரும் வேலைக்கு இறங்க மாட்டார்கள். அந்தக் கும்பலை வைத்துக்கொண்டு நான் எந்தப் புதுமையைச் செய்வது?

அதனால் ஒரு காலையில் பிரட்டுக்களத்துக்குப் போய், வேலைக்கு வரிசையில் நின்றவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"யாரோட வந்தே?"

எல்லாரும் ஏதாவது ஒரு பெயரைச் சொன்னார்கள். மூன்று பேர் மட்டும் சொல்லவில்லை. வெள்ளையன், "அம்மா, மண்டபம் கேம்ப்லயே காலராவில போயிருச்சுங்க, நான் மட்டுந்தான் கப்பல் ஏறினேன்" என்றான். செல்லையா, கலவானப் பக்கம் ஒரு தோட்டம் மூடியபோது அங்கிருந்து தனியாக நடந்து வந்தவன். மூன்றாவது அழகம்மா. நாற்பது வயது இருக்கும். "வந்தவுங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க ஐயா. நான்தான் மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போயிற்று. மூவரையும் எடுத்துக்கொண்டேன்.

நான் அவர்களைக் கூலிகள் மாதிரி நடத்தவில்லை. விசாரித்துப் பாருங்கள். ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பலகை போட்டு, உட்காரவைத்துப் பேசுவேன். கண்டக்டருக்கு முன்னால் உட்கார்ந்த ஆட்கள் அந்தத் தோட்டத்தில் அவர்கள் மட்டுந்தான். மனதில் பட்டதைச் சொல்லுங்கள், தப்பாக இருந்தால் இருக்கட்டும் என்பேன். முதலில் வாயே திறக்கவில்லை. பிறகு வாயை மூடவைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. விறகுக்குப் பதிலாகக் கரி போட்டால் ஷீட் கறுக்காது என்றான் வெள்ளையன். கழிகளை ஏணி மாதிரி அடுக்கினால் கூடுதலாகத் தொங்கவிடலாம் என்றான் செல்லையா. உருளையில் வரி வெட்டி ஷீட்டை அழுத்தினால் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்றாள் அழகம்மா. மூன்றையும் செய்தோம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முறையாக ஆக்கியது நான். முதல் இரண்டு நாள் ஈரம் போகும்வரை காற்றுத் துவாரங்களைத் திறந்து வைப்பது, அதற்குப் பிறகு எல்லாவற்றையும் இறுக அடைத்துச் சூட்டை உள்ளேயே பிடித்து வைப்பது. முதல் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது தேன் மாதிரி இருந்தது. நாங்கள் நாலு பேரும் சந்தோஷத்தில் கத்தினோம். என் ஆயுசில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

துவாரங்களுக்குத் தகர மூடி செய்து கொடுத்தவர் குருவிட்டக் கடைவீதியில் தகர வேலை செய்கிற லாபிர் நானா. அவர் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். உண்மைதான், அவர் எச்சரித்தார்.

"கண்டக்டர் ஐயா, கரிய எரிய வெச்சிட்டு காத்துக்கு வழி இல்லாம அடச்சா, ஷீட்டத் திருப்ப உள்ளுக்குப் போற மனிசன் வெளிய வர மாட்டான். புகையும் தெரியாது, மணமும் தெரியாது."

மூடியைச் செய்து கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உள்ளே போகிறவர்கள் வேகமாகப் போய் வேகமாகத் திரும்பட்டும் என்று உத்தரவு போட்டேன். அவர்களும் அப்படித்தான் செய்தார்கள். தலைவலி என்றார்கள், வாந்தி எடுத்தார்கள். புது வேலை என்றால் உடம்பு பழகச் சில நாள் எடுக்கத்தானே செய்யும்.

வெள்ளையன் ஒரு மத்தியானம் ஷீட் திருப்பப் போய் உள்ளேயே படுத்துவிட்டான். தூங்குகிறவன் மாதிரி இருந்தான், முகம் கூடக் கோணவில்லை. தோட்டத்து டிஸ்பென்சர் வந்து பார்த்து மாரடைப்பு என்றார். நான் மறுக்கவில்லை. சாயந்தரத்துக்குள் புதைத்தாயிற்று. மறுநாள் பிரட்டுக்களத்துக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாரும் வேலைக்கு இறங்கினார்கள், ஒரு மரத்தில் கூடப் பால்வெட்டு நிற்கவில்லை. நான் ஆள் எடுத்தது சரியாகத்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் துரை ஏன் அப்படிப் பார்க்கிறார்? மூடியில் ஒன்றைத் திறந்து வைத்திருக்கலாமே என்று கேட்கிறாரா? திறந்தால் சூடு இறங்கும், ஷீட் காய மேலும் மூன்று நாள் எடுக்கும். பிறகு அதில் புது முறை என்று சொல்ல என்ன இருக்கிறது? விலை இப்படியே கிடந்தால் ஆற்றுமேட்டையும் மூடுவார்கள், அறுநூறு பேர் ஓட்டைச் சட்டியோடு கப்பல் ஏறுவார்கள். அதை யாராவது விசாரிப்பார்களா? துரையிடம் கேட்டுச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்.

கொழும்பிலிருந்து கம்பனியின் பெரிய ஏஜெண்ட் வந்து பார்ப்பதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் நிவித்திகல, கலவான என்று கம்பனியின் எல்லாத் தோட்டத்திலும் என் முறைதான். புகைக்கூடம் நிறைய ஷீட் ஏற்றி வைத்திருந்தேன். துவாரங்களை அடைத்த அன்றைக்குச் செல்லையாவும் வெள்ளையன் மாதிரியே உள்ளே போய்விட்டு உயிரோடு திரும்பவில்லை.

இங்கேதான் நான் எதிர்பாராதது நடந்தது. மூவரையும் கூலி லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா அறைகளில் குடிவைத்திருந்தேன். எப்போதிருந்தோ ஒரே சட்டியில் ஆக்கித் தின்றிருக்கிறார்கள். செல்லையா அவளை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறான். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவனைப் புதைத்துவிட்டுத் திரும்பியவர்கள் போன பிறகு, மறுநாள் காலையில் நான் புகைக்கூடத்துக்குப் போனால் குழி நிறையத் தண்ணீர். நெருப்பை அணைத்துவிட்டாள். தலைவிரி கோலமாக உள்ளே ஷீட்டுகளுக்குக் கீழே உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன காரியம் பண்ணினே அழகம்மா? நாளைக்கு ஏஜெண்ட் வராரு" என்றேன்.

"சாவு விழுந்த வீட்ல யாராச்சும் அடுப்பு மூட்டுவாங்களா ஐயா?"

"இது வீடு இல்ல. கம்பனியோட புகைக்கூடம்."

"எங்களுக்கு இதுதாங்க வீடு. நீங்கதானே கூட்டி வச்சு உக்கார வச்சீங்க. வெள்ளையனுக்கு அழ விடல. தம்பிக்காவது நான் அழுதுட்டுப் போறேன். அழுது முடிஞ்சதும் இந்த மூடியெல்லாம் கழட்டிப் போட்டுட்டு ரத்தினபுரிக் கோர்ட்டுக்குப் போறேன். அங்க போய்ச் சொல்றேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் உட்காரவைத்துப் பேசப் பழக்கிய வாய் அது. சரி, அழு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். குழிக்கு வெளிப்பக்கமாகத்தான் வாய், உள்ளே போகத் தேவையில்லை. தண்ணீரை இறைத்துவிட்டு, ஒரு கூடைக் கரியைக் கொட்டி நானே பற்றவைத்தேன். பல வருஷத்துக்குப் பிறகு என் கையால் நெருப்பு மூட்டினேன், பரவாயில்லை, சீக்கிரமே பிடித்துக்கொண்டது. துவாரங்களை ஒவ்வொன்றாக மூடினேன். கதவைச் சாத்தினேன். வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன்.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். மற்ற இரண்டுக்கும் விபத்து என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் எழுதிக்கொள்ளுங்கள், இதற்கு எழுத வேண்டாம். கொஞ்ச நேரம் ஒப்பாரி கேட்டது. பிறகு கதவைத் தட்டினாள். "ஐயா, தல சுத்துது" என்றாள். அப்போதும் ஐயா என்றுதான் கூப்பிட்டாள். நான் ஓடிப்போகவில்லை, அங்கேயே நின்று சூடு இறங்காமல் பார்த்துக்கொண்டேன். மிச்ச மூடிகளைக் கொண்டுவந்த லாபிர் நானாதான் என்னைத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தார். அவளைத் தூக்கி வந்து புல்லில் போட்டுவிட்டு, வயசான மனுஷன் குழந்தை மாதிரி அழுதார். அவருக்கு அவள் என்ன உறவு?

மறுநாள் ஏஜெண்ட் வந்தபோது பிரட்டுக்களத்தில் ஓர் ஆள் இல்லை. அத்தனை கங்காணி ஆட்களும் அவள் பிணத்தோடு போய்விட்டார்கள். லயத்தில் எந்தக் கூரையிலிருந்தும் புகை எழவில்லை. யாருமில்லாத ஒருத்திக்காக அறுநூறு பேர் பட்டினி கிடந்தார்கள். இதில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் கூட்டம் பிழைப்பதற்காகத்தான் நான் இவ்வளவு பாடுபட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஏற்றிய ஷீட் எல்லாம் இன்னும் உள்ளேதான் தொங்குகிறது. தோட்டத்தில் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறார்களாம். அத்தனையும் முதல் தரம், விட்டால் இந்த மழைக்குப் பூசணம் பிடித்துவிடும். யாரையாவது அனுப்பி இறக்கி வைக்கச் சொல்லுங்கள். கதவு திறந்துதான் கிடக்கிறது, இனிமேல் ஆபத்து இருக்காது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும், சொந்தபந்தம் இல்லாத ஆளாகப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள்.