கார்புரேட்டரில் ஊற்றிய பூசை எண்ணெய்

பெயர் வெள்ளையன். தகப்பனார் பெயர் ஆத்தப்பன். வயது 44. தொழில் மோட்டார் பட்டறை. விலாசம் அவிநாசி ரோடு, திருப்பூர், கோயமுத்தூர் ஜில்லா. 26.10.1966 அன்று போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் முன்பாக ஆஜராகிச் சொன்னது:

பனியன் கம்பெனி முதலாளி பொங்கியண்ணன் அவர்களின் அம்பாசிடர் கார், வாங்கிய நாளிலிருந்து என் பட்டறையில்தான் வேலை பார்க்கப்படுகிறது. அதன் டிரைவர் ரத்தினசாமியையும் அவ்வளவு காலமாகத் தெரியும். அவர் குடித்துவிட்டு ஓட்டியதாக முதலாளி புகார் கொடுத்திருப்பதாக அறிகிறேன். சோடா குடித்தாலே ஏப்பம் விட வெட்கப்படுகிற ஆள் அவர். இதையும் எழுதும்படி ஏட்டையாவைக் கேட்டுக்கொண்டேன்.

விஜயதசமியன்று காலையில் முதலாளி அவிநாசி கோயிலுக்குப் புறப்பட்டதாகவும், கம்பெனிச் சந்திலிருந்து மெயின் ரோட்டில் ஏறும்போது பஸ் வருவதைப் பார்த்து டிரைவர் ஆக்ஸிலேட்டரை அழுத்தியும் கார் நடு ரோட்டில் தயங்கி நின்றதாகவும், பஸ் காரின் பின்கதவில் மோதி முதலாளிக்குக் கால் எலும்பு முறிந்ததாகவும் எனக்குச் சொல்லப்பட்டது. பின்சீட்டில் இருந்தவருக்கு டிரைவர் சும்மா உட்கார்ந்திருந்த மாதிரிதான் தெரிந்திருக்கும். புகார் கொடுத்ததற்காக முதலாளியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மதுவிலக்குக் கேஸும் சேர்ந்தால் ரத்தினசாமிக்கு ஜெயில்தான், லைசென்ஸும் போய்விடும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சரியாக இருப்பதாக எழுதியிருந்தார். அது உண்மைதான். அதன் பிறகு இன்ஜினைப் பார்க்க என்னை அழைத்தார்கள். ஸ்டார்ட் செய்தேன், ஒழுங்காக ஓடியது. மெதுவாக அழுத்தினால் மெதுவாக ஏறியது. திடீரென்று அழுத்தினால் மட்டும் விக்கல் வந்ததுபோல் நின்று, பிறகுதான் சீறியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பாயிண்டைப் பார்த்தேன், பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நானே வேலை பார்த்த வண்டி என்னையே ஏய்ப்பதா என்று இருந்தது.

அதன் பிறகு கார்புரேட்டரின் மேல் மூடியைத் திறந்தேன். அதற்குள் ஒரு பிஸ்டன் உண்டு. அது மெல்ல எழும்புவதற்காகக் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டிருப்போம். அங்கே தண்ணீர் மாதிரி வெள்ளை எண்ணெய் இருந்தது. விரலில் தேய்த்தவுடன் பனியன் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் என்று தெரிந்தது. அது பிஸ்டனைப் பிடித்து நிறுத்தாது. அழுத்தினதும் பிஸ்டன் துள்ளி எழும்பும், காற்று முந்திக்கொண்டு உள்ளே போகும், பெட்ரோல் பின்தங்கும், இன்ஜின் திணறும். அந்த எண்ணெயைப் பாட்டிலில் வடித்து ஏட்டையாவிடம் கொடுத்துவிட்டு, சரியான ஆயிலை ஊற்றி, இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்து ரோட்டில் ஓட்டிக் காட்டினேன். கார் ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

அதன் பிறகு அனுமதி பெற்று லாக்கப்பில் ரத்தினசாமியைப் பார்த்தேன். யார் ஊற்றியது என்று கேட்டேன். "நாந்தானுங்கண்ணா" என்றார். எந்த மூடியில் எந்த ஆயில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர், என் முகத்தைப் பார்க்காமல் இதைச் சொன்னார். நான் சத்தம் போட்டேன். பிறகு நடந்ததைச் சொன்னார்.

அந்தக் கம்பெனியில் ஆயுத பூசையன்று எல்லா மெஷினுக்கும் முதல் எண்ணெய் விடுவது முதலாளியின் சம்சாரம் மாரக்காள் அவர்கள்தான். அவர் கைராசிக் கை என்று கம்பெனியே நம்புகிறது. காருக்கும் விட வேண்டும், எங்கே என்று கேட்டிருக்கிறார். ரத்தினசாமி இந்த மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பூசணிக்காய் வாங்கப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள், கையிலிருந்த மெஷின் எண்ணெயையே அந்த அம்மாள் நிறைய ஊற்றி, மூடியைத் திருகிப் பொட்டும் வைத்துவிட்டார். பூசை எண்ணெயை அன்றைக்கே வடிக்க ரத்தினசாமிக்கு மனம் வரவில்லை. கோயிலுக்குப் போய் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்.

"வெளிய சொல்லாதீங்கண்ணா. அம்மா கை ஆகாதுன்னு ஆயிப் போயிருமுங்க. நான் போயிட்டு வந்தர்றனுங்க" என்றார்.

ஜெயிலுக்குப் போவதைச் சந்தைக்குப் போவதுபோல் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டதை நான் மதிக்கவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், வராந்தாவில் நின்றிருந்த மாரக்காள் அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தன் உள்ளங்கையைப் புடவையில் திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு, "நாங் கும்பிட்டு ஊத்துனதுக்கு அவன் ஜெயிலுக்குப் போறதாங்க?" என்று கேட்டார்.

அதன் பிறகு அவர் உள்ளே போய்த் தன் வீட்டுக்காரரிடம் சொன்னார். நான் வெளியிலேயே நின்றேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் நடுங்கவில்லை. "கைராசி போனாப் போகுதுங்க. அவன ஊட்டுக்கு அனுப்போணும். நடங்க, நானும் வர்றேன்" என்றார்.

அவர் இப்போது இந்த நிலையத்தின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அடுத்து அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏட்டையா வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் மெய். யார் வற்புறுத்தலும் இல்லை.

(ஒப்பம்) ஆ. வெள்ளையன்