பேஸ்மென்ட்டில் வெள்ளம்

— வெள்ளமா? நம்மாத்து பேஸ்மென்ட்லயா? குர்பான்கிட்ட அப்படியா சொன்னேள்?

— சொல்லிட்டேன் சரளா. வாயில அதுதான் வந்தது. பனி உருகறது பாரு, நம்ம கர்க்லாண்ட் ஊர்ல பாதி வீட்டுல தண்ணி நிக்கறது. நம்பற மாதிரி இருக்கட்டுமேன்னு...

— நன்னா நம்பிட்டார் போங்கோ! இப்போ போன் பண்ணி என்ன சொன்னார்?

— காலேஜ் பண்ணையிலேர்ந்து பம்பு இரவல் வாங்கிண்டு கிளம்பிட்டானாம். 'அனந்து, தனியாத் தண்ணி இறைக்காதே, உனக்கு முதுகு வலி'ங்கறான். பெண்டாட்டி சகீனாவையும் கூட்டிண்டு வரானாம்.

— பெருமாளே! எப்போ வராளாம்?

— காலேஜ் இருக்கற சென்ட்-ஆன்லேர்ந்து பத்து நிமிஷம். சனிக்கிழமை கார்த்தால, ரோடு காலியாத்தான் இருக்கும்.

— கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள்னு சொல்லுவா. உங்க புளுகு ஒரு ராத்திரி தாங்கலையே!

— நீ பேசாதே. இடம் குடுக்கப்படாதுன்னு ஒத்தைக் கால்ல நின்னது யாரு?

— முடியாதுன்னு சொல்லுங்கோன்னேன். ஆத்துக்குள்ள வெள்ளத்தை விடுங்கோன்னா சொன்னேன்?

— முடியாதுன்னு எப்படிச் சொல்றது? எட்டு வருஷமா ஒரே லேப்ல பக்கத்துல பக்கத்துல நின்னு மண்ணைச் சலிக்கறோம். போன வருஷம் காபூல்ல ஆட்சியைக் கவுத்ததுலேர்ந்து அவன் தூங்கலை. அண்ணனைப் பட்டாளத்துக்காரா பிடிச்சுண்டு போயிட்டா. தன் பெண்டாட்டி, மூணு குழந்தைகளை மட்டும் எப்படியோ இங்கே கொண்டு வந்துட்டான். ஒரே ரூம்ல அஞ்சு பேர். வீட்டுக்காரன் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்கறான். 'ரெண்டே மாசம், உன் பேஸ்மென்ட்ல இருந்துக்கறோம்'னு கேட்டான். எட்டு வருஷத்துல அவன் என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்.

— கீழே மாமிசம் வதக்குவா. நேர் மேலே நம்ம ஸ்வாமி அலமாரி.

— எங்கப்பா போயிட்டார்னு தந்தி வந்தப்போ, பதிமூணு நாளும் குர்பான் மாமிசம் தொடலை. நான் சொல்லலை, நீ சொல்லலை. அவனாத்தான். 'துக்க வீட்டுக்கு வந்துபோறவன் சாப்பிடப்படாது'ன்னான்.

— தெரியும்ன்னா. அவர் நல்லவர்தான். ஆனா டவுன்டவுன் டாக்டராத்து அம்மா இருக்காளே, அவாளும் காபூல்தானே? அன்னிக்கு பார்ட்டியில என் காதோட சொன்னா: 'குர்பான் ஹசாரா இனம். எங்க ஊர்ல மூட்டை தூக்கறவா அவா. வாசலோட நிறுத்திடுவோம்'னு. அவா ஊர்க்காராளே அப்படிச் சொன்னா, நான் என்ன பண்ணுவேன்?

— என்ன பண்ணுவியா? ஆத்துக்கு வந்து, அவன் காப்பி குடிச்ச டம்ளரை ரெண்டு தடவை புளி போட்டுத் தேச்சே. நான் பாத்துண்டுதான் இருந்தேன்.

— பாத்தேளோல்லியோ? ஏன்டி இப்படிப் பண்றேன்னு ஒரு வார்த்தை கேட்டேளா?

— கேக்கலை. அதான் எனக்கே கூசறது. நீ வேண்டாம்னதும் எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்தது, சரளா. பழியை உன் மேல போட்டுடலாமேன்னு.

— கார் சத்தம் கேக்கறது!

— அது பக்கத்து வீட்டுக்காரர். நடுவுல நீ வேற பயமுறுத்தாதே.

— தண்ணி வடிஞ்சுடுத்துன்னு சொல்லிடுங்கோளேன்.

— ராத்திரி முழங்கால் தண்ணின்னு சொன்னேன். கார்த்தால தரை பொரியற மாதிரி காஞ்சு கெடந்தா? அவன் மண்ணோட ஈரம் பாக்கறதையே வேலையா வெச்சிருக்கறவன்.

— அப்போ நாம எங்கேயாவது கிளம்பிடலாமா?

— இப்பத்தானே போன்ல பேசினேன்! வாசல்ல நம்ம கார் வேற நிக்கறது.

— அப்போ உண்மையைச் சொல்லிடுங்கோ.

— எந்த உண்மையை? நீ டம்ளர் தேச்சதையா, நான் பாத்துண்டு நின்னதையா?

— மணி அடிக்கறது. ஐயோ, போங்கோ. போய்க் கதவைத் திறங்கோ.

— ஹலோ குர்பான். கம், கம். ஹலோ சகீனா. சரளா, நான் இவனோட கீழே போறேன். நீ சகீனாவைப் பாத்துக்கோ.

— கம் சகீனா. சிட், சிட். டீ? அடடா, ஷூவைக் கையில வெச்சுண்டு ஏன் நிக்கறே? இப்படி வை. உனக்கு என் பாஷை புரியாது, எனக்கு உன் பாஷை புரியாது. உக்காரும்மா. தரையில வேண்டாம், இங்கே, இந்த சேர்ல... நோ, நோ, எழுந்திரும்மா...

— சரளா! கொஞ்சம் இப்படி சமையல் உள்ளுக்கு வா.

— என்னன்னா, முகம் இப்படி வெளுத்துப் போயிருக்கு? அதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேளுங்கோ. அவா இங்கேயே இருக்கட்டும். நாலு தடவை சொல்லியாச்சு, சேர்ல உக்கார மாட்டேங்கறா. வாசலை ஒட்டித் தரையில உக்காந்துண்டு கதவையே பாக்கறா. நாம எப்போ 'போ'ன்னு சொல்லுவோமோன்னு பாக்கற மாதிரி இருக்கு. நான் மகா பாவி. ரெண்டு மாசம் என்ன, ரெண்டு வருஷம் இருக்கட்டும். போய்ச் சொல்லுங்கோ.

— மெதுவாப் பேசு. கீழே போனதும் லைட்டைப் போட்டான். குனிஞ்சு தரையைத் தொட்டுப் பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான்.

— திட்டினாரா?

— திட்டியிருந்தா தேவலையே. காதோட ரகசியமாப் பேசறான். நேத்து ராத்திரி சகீனா சொல்லியிருக்கா, 'வெள்ளமும் இல்லை, ஒண்ணும் இல்லை. காபூல்ல எல்லாரும் நம்மளை வாசல்ல நிறுத்தினா. உன் சிநேகிதனும் அதையேதான் பண்றான்'னு. இவன் குர்ஆன் மேல கை வெச்சு சத்தியம் பண்ணியிருக்கான், அனந்து பொய் சொல்ல மாட்டான்னு. அவளே கண்ணால பாக்கட்டும்னுதான் கூட்டிண்டு வந்திருக்கான்.

— ஐயையோ... இப்போ என்ன பண்றார்?

— பக்கெட் கேக்கறான். ரெண்டு பக்கெட்.

— எதுக்கு?

— அவ கீழே இறங்கி வரதுக்குள்ள, தரை பூரா தண்ணி கொட்டணுமாம்.