பதினாலாம் நம்பர் மனை

சொந்த வேலையை விட்டுவிட்டு ஊரார் பேச்சுக்குக் காதை நீட்டுகிற முட்டாள் நான். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் மாம்பழச்சாலையில் இறங்க வேண்டியவன், முன் இருக்கை அம்மாள் தன் கணவரிடம், "நம்ம பக்கத்து மனைக்காரர் கொடுத்து வச்சவருங்க" என்றதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கணவரின் சட்டையெல்லாம் புல் தூசி. முகத்தில் மட்டும் அப்படி ஒரு பூரிப்பு.

"களை வெட்டுற மெஷினைப் பார்த்தியா? ரெண்டு சக்கரம், தள்ளிட்டே போனாப் போதும். முன்னாடி நைலான் நரம்பு சுத்துது, கோரையும் நெருஞ்சியும் பறக்குது! மேடு, பள்ளம், எதுக்கும் நிக்கலையே!"

"நீங்களும்தான் நிக்கலை. எல்லைக் கல்லுல நம்பரைப் பார்த்தீங்களா?"

"இடுப்பளவு களைடி. வெட்டி முடிச்சப்புறம்தானே கல்லே தெரிஞ்சுது!"

"தெரிஞ்ச நம்பர் பதினாலு. நம்மளுது பதினஞ்சு. நாளைக்குக் காலையில பூமி பூஜை. எங்கப்பா அம்மாவைப் புதருக்குள்ளயா உட்கார வைப்பீங்க?"

"நரம்புதானே தீர்ந்துபோச்சு? மலைக்கோட்டையில வாங்கிட்டு ஓடறோம். வாடகை மெஷின் சாயங்காலம் வரைக்கும் நம்மகிட்டதான். இருட்டுறதுக்குள்ள பதினஞ்சையும் பறக்க விடறேன் பாரு!" உற்சாகத்தில் எழுந்தே நின்றுவிட்டார்.

பஸ் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எதுக்குங்க இவ்வளவு கஷ்டம்? வெட்டின மனையிலேயே பூஜையை வச்சுக்கலாமே?"

அந்த அம்மாள் திரும்பினார்.

"வீட்டையும் அங்கேயே கட்டிடலாமா சார்?"