கழுத்தைப் பிடிக்கக் கூடாது

தலைமை ஏற்றிருக்கும் நம் பயிற்சி நிலையத்தின் முதல்வர் அவர்களே, எங்களைக் கண்டித்தும் சிரித்தும் பாடம் நடத்திய மேடம் அவர்களே, கடையை அரைநாள் பூட்டிவிட்டு ஊழியர்களோடு வந்திருக்கும் துணிக்கடை முதலாளி அவர்களே, என் வகுப்புத் தோழர்களே, முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெயின்டர் அண்ணன் அவர்களே, அவருக்குத் துணையாக வந்திருக்கும் அவருடைய தம்பி அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

மைக் எனக்குப் புதிதல்ல. இந்தப் படிப்புக்கு வருவதற்கு முன்பு சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவன் நான். எங்கள் சங்கக் கூட்டங்களில், இவன் கையில் மைக்கைக் கொடுத்தால் சோறு ஆறிவிடும் என்பார்கள். முதலாளிகளைத் திட்டிப் பேசியிருக்கிறேன். கூலி உயர்வு கேட்டுத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இன்று யாரைத் திட்டுவது? துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே எங்களோடு படித்த அக்காவைத் திருப்பிக் கொடு என்று யாரிடம் போய்க் கோரிக்கை வைப்பது?

இறுதிச் செய்முறைத் தேர்வன்று காலை அக்கா பஸ்ஸில் வந்தார். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் அவர் தோளைத் தட்டியிருக்கிறார். இதயம் நின்றுபோயிருந்தது. அந்த நேரத்தில் நாங்கள் இதே அறை வாசலில் வரிசையில் நின்றுகொண்டு, அக்கா தேர்வுக்குப் பயந்து ஓடிவிட்டார் என்று கேலி பேசிக்கொண்டிருந்தோம்.

பயந்து ஓடுகிற ஆளா அவர்! அவருடைய கணவர், நம் பெயின்டர் அண்ணன், சாரத்தில் நின்று சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்தன. நிற்கப் பழக்கிவிட வீட்டுக்கு ஆள் வரவேண்டும்; ஆள் வந்தபாடில்லை. அக்கா என்ன செய்தார்? இயன்முறை சிகிச்சை உதவியாளர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டார். "ஆளைத் தேடித் தேடிச் சலிச்சுப் போச்சு அண்ணே. பேசாம நானே அந்த ஆளாயிடலாம்னு வந்துட்டேன்" என்று முதல் நாளே சொன்னார். வயதில் எனக்கு இளையவர். வகுப்பே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன், அவர் என்னை அண்ணே என்றார். அதில் இருவருக்கும் நஷ்டமில்லை.

இளசுகள் எல்லாம் இளசுகளோடு ஜோடி சேர்ந்துகொண்டதில் நாங்கள் இருவரும் மிஞ்சினோம். எங்கள் வகுப்பில் ஒருவர் நோயாளியாக நடிக்க வேண்டும், மற்றவர் அவரை எழுப்பி நிறுத்த வேண்டும். இதில் எல்லோரும் ஒரு திருட்டு வேலை செய்வோம். செயலிழந்த கால் என்று சொல்லிக்கொண்டே அந்தக் காலை ஊன்றி, நாமாகவே கொஞ்சம் எழுந்துகொள்வோம். தூக்குகிறவனோ, தான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்வான். அக்கா அந்த உதவியை எனக்கு ஒருநாளும் செய்ததில்லை! செயலிழந்த கால் என்றால் அது செயலிழந்த கால்தான். எனக்கு வேர்த்துக் கொட்டும். "என்ன அண்ணே, மூட்டைன்னா முதுகுல ஏத்துவீங்க, மனுஷின்னா மூச்சு வாங்குதா?" என்பார். மேடம் வந்து, "தூக்காதீங்க. எழுந்திருக்க வைங்க. ரெண்டும் வேற" என்று என் கையைத் தட்டிவிடுவார். அந்த வித்தியாசம் என் மண்டையில் ஏறியது அக்காவின் கனத்தால்தான்.

மருத்துவமனை வார்டில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெரியவர் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார். நான் அதட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அக்கா போனார். "சும்மா நின்னு பாருங்க ஐயா. நடந்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. புடிக்கலைன்னா உக்காந்துக்கலாம்" என்றார். கடையில் துணியை விரித்துக் காட்டுகிற அதே குரல்! பெரியவர் நின்றார். நின்றவர் நாலு எட்டு வைத்தார். அன்று வார்டே வேடிக்கை பார்த்தது.

இப்படிப்பட்டவர் மாதிரித் தேர்வில் தோற்றார். ஏன் தோற்றார், தெரியுமா? நோயாளியின் இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி, அதைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். நோயாளி நம் கழுத்தைப் பிடிக்க விடவே கூடாது. விட்டால் அவர் தொங்குவார், கால் வேலை செய்யாது. சறுக்கினால் இருவரும் சேர்ந்து விழ வேண்டியதுதான். இது முதல் வாரத்துப் பாடம். அக்காவுக்கு மனப்பாடம். ஆனால் தேர்வில் நோயாளியாக நடித்த என் முன்னால் வந்து குனிந்தார், என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கழுத்தில் மாலை போல் போட்டுக்கொண்டார். பெல்ட் மேஜை மேலேயே கிடந்தது. மேடம் பேனாவை மூடிவிட்டார். "வீட்டுப் பழக்கம் மேடம், கை தானா போயிடுச்சு" என்று அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அன்று மாலையே ஒரு பெல்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பெயின்டர் அண்ணன் கட்டிக்கொள்ள மறுத்துவிட்டார். அண்ணே, நீங்கள் சொன்னதை அக்கா எங்களிடம் நடித்தே காட்டினார். "நான் என்ன மாடா, கயித்தைக் கட்டி எழுப்புறதுக்கு?" என்றீர்களாம். அக்காவும் விடவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. "நீ மொதல்ல பாஸ் பண்ணு. அப்புறம் கட்டிக்கிறேன்" என்று நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள். அதன் பிறகு அக்கா எங்களை எத்தனை முறை எழுப்பி எழுப்பி உட்கார வைத்தார் என்பதை எங்கள் முழங்கால்கள் சொல்லும். தேர்வில் தேறுவது எங்களுக்கெல்லாம் வேலைக்காக. அவருக்கு அது தன் புருஷனின் காலுக்காக!

அந்தத் தேர்வன்றுதான் அவர் போனார். இதற்கு நான் என்ன சொல்லி ஆறுதல் தேடுவது?

தோழர்களே, நாங்கள் சும்மா இருக்கவில்லை. மேடமும் நானும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். இப்போது அவருடைய தம்பிதான் அக்குளில் கைகொடுத்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவரை மாற்றுகிறார். அன்பான தம்பி, ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அது தூக்குவது. நிற்காத கால் வற்றிக்கொண்டே போகும், கணுக்கால் இறுகும், இறுகியபின் நிற்க நினைத்தாலும் நிற்க வராது. இதையெல்லாம் படித்துத் தொலைத்திருக்கிறோமே! தெரிந்துகொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பது கொடுமையாக இருக்கிறது.

அக்கா வாங்கிய பெல்ட்டை மேடம் எடுத்தார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒன்று நடந்தது. கழுத்தைக் கொடுக்காதே, கொடுக்காதே என்று ஓயாமல் சொல்லிக்கொடுத்த எங்கள் மேடம், அவர் முன்னால் தானே குனிந்து, "புடிச்சுக்கோங்க" என்றார். அண்ணன் இடது கையைத் தூக்கி மேடத்தின் தோளில் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துவிட்டார். "அவ உயரம் வேற" என்றார். மறுபடி முயற்சி செய்யலாமா என்று கேட்டதற்கு, "எழுந்து எங்க போறது?" என்றார். நாங்கள் படியிறங்கி வந்துவிட்டோம்.

அடுத்து மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நிற்கும்படி முதல்வர் கேட்க இருக்கிறார். முதல்வர் அவர்களே, என்னை மன்னிக்க வேண்டும். அதற்கு முன் பெயின்டர் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணே, மேடமும் நானும் உங்க ரெண்டு பக்கமும் வந்து நிக்கிறோம். எங்க வேணும்னாலும் புடிச்சுக்கோங்க. அக்காவுக்காக ஒரே ஒரு தடவை எழுந்து நிக்கலாமா?

வேண்டாம் என்று அண்ணன் தலையசைக்கிறார், தோழர்களே.

சரிண்ணே. வற்புறுத்த மாட்டோம்.

தோழர்களே, இந்த அறையில் பாதிப் பேர் மனிதர்களை எழுப்பி நிறுத்தப் படித்தவர்கள். இத்தனை பேர் சேர்ந்தும் ஒருவரை எழுப்ப முடியவில்லை. அக்காவின் பெயரால் பெரிய உறுதிமொழி எடுக்க வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்த உறுதிமொழி இதுதான்: நாளைக் காலை எங்களில் இருவர் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுவோம். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடுவோம். மறுநாள் வேறு இருவர் போவார்கள். அவர் கால் இறுகுவதற்குள் அவர் மனம் இளகுமா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் போவோம்.

இப்போது அவரோடு நாமும் உட்கார்ந்தபடியே அக்காவை நினைப்போம். பின்வரிசையில் அதற்குள் எழுந்து நின்றுவிட்டவர்கள், தயவுசெய்து உட்காருங்கள்.