மூன்றாம் பெட்டியும் பகல் இரண்டு மணியும்

பெட்டியைத் திறவாமலே அதன் பெற்றியை உரைக்கும் பெருந்தகையீர்! ஆய்வகத்தையே அகமாகக் கொண்ட அன்பரீர்! பீர்க்கன்கரணை ஏரிக்கரையிலிருந்து இருபத்து மூன்று ஆண்டுகள் மிதிவண்டி மிதித்து, மணி அடிக்குமுன் வந்து, மணி அடித்த பின்னும் வீடு திரும்பாத மாண்பினரே! இன்று பணி ஓய்வு பெறும் நம் பாலிடெக்னிக்கின் தொடர்பியல் துறை விரிவுரையாளர் திரு. சாலமோன் லாசரஸ் அவர்களே!

நேருக்கு நேர் நின்று புகழ்ந்தால் தாங்கள் எழுந்து வெளியே போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே யாரோ மூன்றாம் மனிதரின் கதைபோலச் சொல்கிறோம். மாலை கழுத்தில் கிடக்கிறது. உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த மனிதரிடம் மூடி முத்திரையிட்ட பெட்டிகள் ஐந்து இருந்தன. ஒரு முனையில் மின்சைகையைக் கொடுத்து, மறுமுனையில் வருவதை, மின்னலையைப் படமாகக் காட்டும் ஆஸிலாஸ்கோப்பின் திரையில் கண்டு, உள்ளிருப்பது எவ்வகை அமைப்பென்று மாணவர் வகைப்படுத்த வேண்டும். இரண்டு சைகைகளைச் சேர்த்துக் கொடுத்தால், தனித்தனியே வந்தவற்றின் கூட்டுத்தான் வருகிறதா? முன்பு கொடுத்ததை நினைவில் வைத்திருக்கிறதா? அளவாகக் கொடுத்தால் அளவாகத் திருப்புகிறதா, கட்டுமீறிப் போகிறதா? இப்போது கொடுத்தாலும் சில மணி நேரம் கழித்துக் கொடுத்தாலும் விடை ஒன்றுதானா? மனிதரைப் பிரிக்க ஆயிரம் வழி கண்டுவைத்திருக்கிறோம், பெட்டியைப் பிரிக்க இந்த நாலு கேள்வி போதும் என்பார் அவர்.

1966 ஏப்ரலில் செய்முறைத் தேர்வுக்கு விடைக்குறிப்பு எழுதியவரும் அவரே. காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் சோதித்து, மூன்றாம் பெட்டி காலத்தால் மாறாதது என்று குறித்தார். தேர்வோ பதினொரு மணி முதல் இரண்டு வரை. பத்தொன்பது பேரில் பதினெட்டுப் பேர் "மாறாதது" என்றே எழுதினார்கள். கோவிலம்பாக்கத்திலிருந்து வரும் காந்திமதி ஒருத்திதான் "மாறுவது" என்று எழுதி, தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக வரைந்த இரண்டு படங்களையும் இணைத்திருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் விடைக்குறிப்பைப் பார்த்தார், பெண்ணின் தாளில் சுழி போட்டார். ஐந்து மதிப்பெண்ணில் தேர்ச்சி போயிற்று. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று, ஜூன் முதல் தேதி சான்றிதழோடு வந்து வேலையில் சேரச் சொல்லியிருந்தது. அதுவும் கைநழுவும் நிலை.

ஒரு வாரம் கழித்துப் பெட்டிகளை அலமாரியில் அடுக்கும்போது, கை சும்மா இராமல் மூன்றாம் பெட்டிக்கு ஒரு சைகை கொடுத்துப் பார்த்தார் மனிதர். பகல் இரண்டு மணி. திரையில் அலை உப்பியிருந்தது. மறுநாள் காலை பார்த்தால் பழையபடி சாதுவாக இருந்தது; பகலில் மறுபடி உப்பியது. மூன்று நாளும் இதே கூத்துத்தான்.

ஆய்வகம் கூட்ட வந்த கன்னியம்மா விளக்குமாற்றைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், மூணு நாளா சோறு தண்ணி இல்லாம இந்தப் பொட்டியாண்டயே குந்திகினு கீறீங்க?"

"காலைல ஒண்ணு காட்டுது, மதியம் வேற காட்டுது கன்னியம்மா."

"இந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுல மத்தியானத்துல மனுசனே மாறிப் பூடறான். பொட்டி மாறாதா சார்?"

அவ்வளவுதான் விஷயம். கூரைச் சூட்டில் உள்ளிருந்த டிரான்சிஸ்டர் குணம் மாறியிருந்தது. இரண்டு முறையும் குளிர்ந்த வேளையிலேயே சோதித்தது அவர் செய்த பிழை. பதினெட்டுப் பேர் இரண்டாம் முறை சோதிக்கவே இல்லை. சோதித்தவள் ஒருத்தி, தோற்றவளும் அவளே.

அந்தத் தாளைத் திருத்த வேண்டுமானால், பிழை தன்னுடையது என்று அவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அது பணிப்பதிவேட்டில் ஏறும். துறைத் தலைவர் பதவிக்கான பட்டியலோ அடுத்த மாதம் வரவிருந்தது. அதில் முதல் பெயர் அவருடையது. இரண்டாம் பெயர் அடுத்த மேசை ஸ்ரீரங்கனுடையது. அந்த ஸ்ரீரங்கனே அக்கறையாகத்தான் சொன்னார்.

"விடுங்க சார். ரிசல்ட் போயாச்சு. அந்தப் பொண்ணு செப்டம்பர்ல எழுதி பாஸ் பண்ணிடும். இப்ப லெட்டர் குடுத்தா உங்க ப்ரமோஷன் என்ன ஆறது?"

"வேலை செப்டம்பர் வரைக்கும் காத்திருக்காது ஸ்ரீரங்கன். பெட்டி மாறிச்சு. அந்தப் பொண்ணு பாத்துச்சு, நான் பாக்கல. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

ஸ்ரீரங்கன் தம் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்களும் அவரவர் வேலையைப் பார்த்தோம். பதினெட்டுப் பேரின் மதிப்பெண்ணில் கை வைக்க வேண்டாம், குறை என் குறிப்பில்தான் என்று எழுதிய கடிதத்தோடு, முதல்வர் அறைக்கு அவர் தனியாகவே நடந்து போனார்.

தாள் திருத்தப்பட்டு, காந்திமதி ஜூன் முதல் தேதி வேலையில் சேர்ந்தாள். துறைத் தலைவர் நாற்காலி ஸ்ரீரங்கனுக்குப் போயிற்று. தம்மைவிட ஒன்பது வயது இளையவரை அன்றுமுதல் "சார்" என்று அழைத்தார் லாசரஸ். குரலில் ஒரு கசப்பு இருந்ததில்லை. அந்த ஆண்டிலிருந்து நம் துறையில் எந்தப் பெட்டிக்கும் விடைக்குறிப்பு எழுதுமுன் காலை ஏழுக்கும் பகல் இரண்டுக்கும் சோதித்து, இரண்டு வேளைக்கும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே.

கதை முடிந்தது ஐயா. இனி நேரே பேசுகிறோம்.

முதல்வர் அறை நாற்பது அடி தூரம்கூட இல்லை. எங்களில் ஒருவராவது அன்று உங்கள் கூட வந்திருக்கலாம், வரவில்லை. அந்த வெட்கம் எட்டு ஆண்டுகளாக எங்களிடம் இருக்கிறது. அதைத் தாங்கள் ஒருநாளும் சொல்லிக் காட்டாததால் அது குறையவும் இல்லை. அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவரே இம்மடலைத் தம் கைப்பட எழுதினார், வேறு எவரையும் எழுத விடவில்லை.

ஏரிக்காற்றும் ஓய்வும் எழில்மிகு நலமும் எய்தி, துணைவியார் ஜெயசீலி அம்மையாரோடு தாங்கள் நூறாண்டு நிறைவாக வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம்.

இம்மடல் இன்று காலை ஏழு மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் படித்துச் சரிபார்க்கப்பட்டது. ஒரு சொல்லும் மாறவில்லை.

தாம்பரம்
30-4-1974

இரண்டு வேளைக்கும் கையொப்பம்:
ஸ்ரீரங்கன், துறைத் தலைவர்
ஸ்ரீரங்கன், துறைத் தலைவர்

மற்றும் கன்னியம்மா உள்ளிட்ட தொடர்பியல் துறைப் பணியாளர் அனைவரும்