கமலாவுக்கு வந்த பார்சல்

கொம்தார் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஹார்மோனுக்கு ஆன்லைன்ல ஒரு எண்ணெய் ஆர்டர் பண்ணிருக்கேன்க்கா. சிபிடியாம். நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு விட்டா உடம்புச் சூடு, எரிச்சல் எல்லாம் அடங்கிடுமாம்."

"அடி கமலா, அது கஞ்சாச் செடியில எடுக்கிறதுலா! போலீஸ் பிடிச்சிட்டுப் போயிருவான்."

"விளம்பரத்துல செல்ஃப் கேர்னுதான் போட்டிருந்துச்சு."

"லோக்கப்ல போய் நல்லா செல்ஃப் கேர் பண்ணு."

அப்போது கமலாவின் கைப்பேசி அடித்தது. எடுத்தவள் முகம் வெளுத்தது.

"பார்சலா? கமலாவுக்கா? அந்தம்மா போன மாசமே செத்துப்போச்சு தம்பி. திருப்பி அனுப்பிடுங்க."

அக்கா கைப்பேசிப் பக்கம் குனிந்து, உரக்கச் சொன்னாள்: "பாவம், நல்ல பொம்பள!"